6 வெற்றி, 25 தோல்வி: தோற்றுக்கொண்டே இருக்கும் இளம் அணியில் ஒரு பையன் தொடர வேண்டுமா?

புளூமிங்டன்_பழையவன்

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் ஒரு டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்று அடுக்கில் கடைசி) கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். அங்கே கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். கல்லூரிப் பெயர் இங்கே வேண்டாம். அணியில் பதினான்கு பேர், அதில் ஒன்பது பேர் முதலாண்டுப் பையன்கள். இதுவரை 17 ஆட்டங்கள், 3 வெற்றி. நேற்று இரவு போன் செய்தான். "மாமா, விட்டுடலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல" என்றான்.

டிவிஷன் 3-இல் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. விட்டுவிட்டால் ஒரு டாலர் கூட நஷ்டமில்லை. காலை ஆறு மணி பிராக்டிஸ் இல்லை, மூன்று மணி நேர பஸ் பயணம் இல்லை, திரும்பி வந்து நள்ளிரவில் கால்குலஸ் போட வேண்டியதும் இல்லை. எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் டைம் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.

அவனிடம் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது, அது சரியான கதைதானா என்று உங்களிடம் கேட்கத்தான் இந்த இழை. 2008 ஆகஸ்டில் நான் இண்டியானா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க புளூமிங்டன் போனேன். அதுவரை கூடைப்பந்து என்றால் பள்ளியில் வெயிலில் ஆடியதுதான். அந்த ஊரில் அது அப்படியில்லை. 1940, 1953, 1976, 1981, 1987 என்று ஐந்து தேசியப் பட்டங்கள் வாங்கிய அணி. 1976 அணி ஒரு ஆட்டம் கூடத் தோற்கவில்லை, 32-0. அதன் பிறகு இன்றுவரை டிவிஷன் 1-இல் எந்த ஆண்கள் அணியும் தோல்வியே இல்லாமல் பட்டம் வென்றதில்லை. அசெம்ப்ளி ஹால் என்ற அவர்கள் அரங்கில் 17,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஐந்து கொடிகள் மேலே தொங்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அணி சுக்குநூறாகக் கிடந்தது. கோச் கெல்வின் சாம்ப்சன் மாணவர்களைச் சேர்ப்பதற்காக விதிகளை மீறி போன் செய்தார் என்ற விவகாரத்தில் 2008 பிப்ரவரியில் பதவி விலகியிருந்தார். எரிக் கார்டன் ஓராண்டிலேயே என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்குக்குப் போய்விட்டார். டி.ஜே. வைட் படிப்பை முடித்துவிட்டார். மற்றவர்களில் சிலர் நீக்கப்பட்டார்கள், சிலர் வேறு கல்லூரிக்குப் போனார்கள். புதுக் கோச் டாம் கிரீன் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்திலிருந்து வந்து எண்ணிப் பார்த்தபோது பழைய அணியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: கைல் டேபர், பிரெட் ஃபிங்கெல்மையர். இரண்டு பேருமே வாக்-ஆனாக அணிக்குள் வந்தவர்கள், அதாவது உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து இடம் கேட்டவர்கள்.

மற்ற எல்லோரும் புதுசு. வெர்டெல் ஜோன்ஸ், டாம் பிரிட்சர்ட், மாட் ராத், நிக் வில்லியம்ஸ், மாலிக் ஸ்டோரி எல்லாம் முதலாண்டு. இண்டியானா ஜெர்சியில் முதுகில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அது அந்த ஊரின் மரபு. அதனால் முதல் இரண்டு மாதம் யார் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. 12 நல்லா ஆடுறான், 25 ஃபவுல் பண்ணிட்டான் என்றுதான் பேசிக்கொள்வோம்.

31 ஆட்டங்கள். 6 வெற்றி, 25 தோல்வி. அந்தப் பல்கலைக்கழக வரலாற்றிலேயே ஒரு சீசனில் அதிகத் தோல்விகள். பிக் டென் லீக்கில் 18 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று ஜெயித்தார்கள், சொந்த ஊரில் அயோவாவிடம். வெளியூர் ஆடிய ஒன்பது லீக் ஆட்டத்திலும் தோல்வி. லிப்ஸ்கம்ப் என்ற சின்னக் கல்லூரி எங்கள் ஊருக்கே வந்து ஜெயித்துவிட்டுப் போனது. ஓஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக மாட் ராத் ஒன்பது மூன்று புள்ளிப் பந்துகள் போட்டான், கல்லூரி சாதனையைச் சமன் செய்தான், அன்றும் தோல்விதான். அன்று இரவு பனியில் பதினேழாம் தெரு வழியாக நடந்து வந்தது இன்னும் நினைவிருக்கிறது. யாரும் பேசவில்லை. ஒன்பது போட்டும் போதவில்லை என்றால் இனி என்னதான் செய்வான் அந்தப் பையன் என்று தோன்றியது.

அந்தப் பையன்கள் விட்டிருக்கலாம். சிலர் விட்டார்கள். சிலர் இருந்தார்கள். இருந்ததற்கு என்ன கிடைத்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் நீங்கள் சொல்லுங்கள், இந்தக் கதையை ஒரு பதினெட்டு வயதுப் பையனிடம் சொல்வது நியாயமா?

---

புள்ளிக்கணக்கு

நியாயமா இல்லையா என்பதற்கு முன்னால், இளம் அணி ஏன் தோற்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாததால்தான் தோல்வி எல்லாம் தன் குறை என்று அந்த வயதில் நினைத்துக்கொள்கிறார்கள்.

கல்லூரி ஆட்டத்தில் ஒரு அணிக்குப் பந்து சுமார் 65 முதல் 70 தடவை கிடைக்கும். ஒரு தடவைக்கு சராசரியாக ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள அணி 11, 12 தடவை பந்தைப் பறிகொடுக்கும். முதலாண்டுப் பையன்கள் நிறைந்த அணி 18, 20 தடவை பறிகொடுக்கும். அந்த வித்தியாசமே ஏழெட்டுப் புள்ளி. இதற்கு மேல், பறிகொடுத்த பந்து எதிரணிக்குக் கூடை அருகிலிருந்து போடும் சுலபமான லே-அப்பாகப் போகும். ஆக ஷூட்டிங், உயரம், திறமை எல்லாம் சமமாக இருந்தாலும் பத்துப் புள்ளி பின்னால்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறீர்கள்.

அடுத்தது டிஃபன்ஸ். பள்ளியில் உன் ஆளை நீ பார்த்துக்கொண்டால் போதும். கல்லூரியில் பந்து எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். ஒருவன் ஒரு நொடி தாமதித்தால் அடுத்தவன் அவன் இடத்தை மூட ஓடுவான், மூன்றாமவன் இடம் திறந்துவிடும். ஸ்கோர்புக்கில் மூன்றாமவன் தலையில்தான் விழும். உண்மையில் தவறு செய்தவன் முதல் ஆள்.

உடம்பு இன்னொன்று. பதினெட்டு வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடையில் நான்கு வருட எடைப் பயிற்சி இருக்கிறது. ரீபவுண்டில், அதாவது கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதில், இது அப்பட்டமாகத் தெரியும்.

உங்கள் அக்கா மகன் அணியின் டர்னோவர், அதாவது பந்தைப் பறிகொடுத்தது, எத்தனை என்று கேட்டுச் சொல்லுங்கள் அண்ணா. வெற்றி தோல்வியை விட அந்த எண் முக்கியம்.

---

நெட்டையன்

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இளம் அணி என்பது பல கோச்களுக்கு வசதியான போர்வை. 2012-இல் பட்டம் வென்ற கெண்டக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டனி டேவிஸ், மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட், மார்க்விஸ் டீக் மூவரும் முதலாண்டு. டெரன்ஸ் ஜோன்ஸ், டோரன் லாம்ப் இரண்டாமாண்டு. 38 வெற்றி, 2 தோல்வி. அதற்கும் முன்னால் 1992-இல் மிச்சிகன் ஐந்து முதலாண்டுப் பையன்களை ஆட விட்டு இறுதி ஆட்டம் வரை போனது. வயதுதான் காரணம் என்றால் இவர்கள் எப்படி ஆடினார்கள்?

17-இல் 3 என்றால் பயிற்சியில் ஏதோ கோளாறு. அந்தப் பையன் தன் நான்கு வருடத்தை வேறொருவரின் கோளாறுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. படிக்கப் போன இடத்தில் படிக்கட்டும். கல்லூரிக்குள்ளேயே ஆடும் இன்ட்ராமுரல் லீக் என்று எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது, சாயங்காலம் நண்பர்களோடு ஆடட்டும். விளையாட்டை விடச் சொல்லவில்லை, அந்த அணியை விடச் சொல்கிறேன்.

---

புளூமிங்டன்_பழையவன்

நெட்டையன் அண்ணா, கோபமெல்லாம் இல்லை. ஆனால் அந்தக் கெண்டக்கியில் டேரியஸ் மில்லர் என்று ஒரு நான்காமாண்டு ஆள் இருந்தார், அவரை விட்டுவிட்டீர்கள். மற்ற பையன்கள் நாட்டிலேயே தலைசிறந்தவர்கள். டேவிஸ் அந்த வருட என்.பி.ஏ. டிராஃப்ட் என்ற வீரர் தேர்வில் முதலிடம், கிட்-கில்கிறிஸ்ட் இரண்டாமிடம். அவர்களை வைத்து இளமை தோற்காது என்று சொல்ல முடியாது.

இண்டியானாவில் நான் கண்ணால் பார்த்தது இதுதான். அந்த அணியில் எப்படிப் பயிற்சி செய்வது என்று காட்ட ஆள் இல்லை. ஒரு டிரில்லில் கோச் விசில் ஊதுவதற்கு முன்னாலேயே எங்கே நிற்க வேண்டும் என்று மூன்றாமாண்டு பையன் முதலாண்டுப் பையனைத் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்துவான் இல்லையா, அந்த ஆள். அது ஒரு அணியில் வருடா வருடம் கைமாறி வரும் சொத்து. 2008-இல் அங்கே அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. கைல் டேபர் ஒருவர் தனியாக எவ்வளவு செய்ய முடியும்?

புள்ளிக்கணக்கு தம்பி, கேட்டேன். சராசரி 19 டர்னோவர். சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

---

கோர்ட்_ஓரம்

நான் தமிழ்நாட்டில் ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். இருபத்தியிரண்டு வருடமாக இதே வேலை. நீங்கள் எழுதிய "தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தும் ஆள்" என்ற வரியில் நின்றுவிட்டேன்.

எங்களுக்கு இளங்கலை மூன்றே வருடம். ஒரு பெண் ஆட்டம் பிடிபட்டு வரும்போது டிகிரி முடிந்துவிடும். அதனால் இந்தக் கஷ்டம் எங்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருவதில்லை, அடிக்கடி வரும். ஒரு வருடம் ஒரே பேட்ச்சில் ஏழு பேர் வெளியே போனார்கள். அடுத்த வருடம் மண்டலப் போட்டிக்கு எட்டு முதலாண்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் ஆட்டத்தில் நாற்பது புள்ளி வித்தியாசம். ரயிலில் திரும்பும்போது ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு விழுப்புரம் வரை அழுதாள்.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன், அந்தத் தம்பிக்கு உதவலாம். ஐந்துக்கு ஐந்து ஆடுவதை ஒரு மாதம் நிறுத்தினேன். ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேரை நிறுத்தி, டிரிபிள் செய்யாமல் பாஸ் மட்டும் போட்டுப் பந்தைப் பாதிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகச் சொன்னேன். முதல் வாரம் முடியவே இல்லை. மூன்றாம் வாரம் பத்துக்கு நாலு தடவை தாண்டினார்கள். ஏழு பேரிடம் பழகிய கண்ணுக்கு ஐந்து பேர் குறைச்சலாகத் தெரிவார்கள். இன்னொன்று, டிஃபன்ஸில் வாயைத் திறக்காதவள் வெளியே உட்கார வேண்டும். "பந்து! பந்து!", "ஹெல்ப் இருக்கேன்!", "ஸ்கிரீன் இடது!" என்று கத்திக்கொண்டே ஆட வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கத்துவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். வீட்டில் சத்தம் போடாதே என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். ஃப்ரீ த்ரோவைப் பயிற்சியின் கடைசியில்தான் வைப்பேன், கால் நடுங்கும்போது. ஆட்டத்தில் அப்படித்தானே வரும்.

அந்த வருடமும் நாங்கள் ஜெயிக்கவில்லை. நாற்பது புள்ளி வித்தியாசம் பதினாறாக ஆனது. அடுத்த வருடம் அரையிறுதி.

நெட்டையன் சார் சொன்ன மாதிரி கோச்சின் கோளாறும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நவம்பரில் தோற்ற அதே காரணத்துக்கு பிப்ரவரியிலும் தோற்கிறார்களா என்று கேளுங்கள். காரணம் மாறியிருந்தால் அணி நகர்கிறது. ஒரே காரணம் என்றால் சார் சொல்வதுதான் சரி.

---

நியூவர்க்_வாசி

டீச்சர், கடைசிப் பத்தியை எடுத்து வைத்துக்கொண்டேன். நன்றி.

நான் படித்தது நியூ ஜெர்சியில், என்.ஜே.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில். எங்களைப் போன்று எம்.எஸ். படிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அங்கே கூடைப்பந்து அணி இருப்பதே தெரியாது. டிவிஷன் 2-இலிருந்து டிவிஷன் 1-க்கு ஏறியதும் அணி நொறுங்கியது. 2007-08 சீசனில் 29 ஆட்டம், 29 தோல்வி. ஒன்று கூட ஜெயிக்கவில்லை. அடுத்த வருடமும் தொடர்ந்து, மொத்தம் 51 தோல்விகள் வரிசையாக. டிவிஷன் 1-இல் அதுதான் மோசமான சாதனை. 2009 ஜனவரியில் பிரையன்ட் அணியை ஜெயித்தபோதுதான் அது முடிந்தது.

அதே என்.ஜே.ஐ.டி. 2014 டிசம்பரில் மிச்சிகனுக்குப் போனது. மிச்சிகன் அப்போது தரவரிசையில் 17. எங்களுக்கு ஒரு லீக் கூட கிடையாது, டிவிஷன் 1-இல் எந்த லீக்கிலும் சேராத ஒரே அணி. 72-70 என்று ஜெயித்தோம். நான் அப்போது எடிசனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீசில் யாருக்கும் புரியவில்லை நான் ஏன் இப்படித் துள்ளுகிறேன் என்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 29-க்கு 29 தோற்ற அந்தப் பையன்கள் யாரும் மிச்சிகனில் ஆடவில்லை. அதற்குள் அவர்கள் படிப்பு முடிந்துவிட்டது. அவர்கள் விதைத்ததை அவர்கள் அறுக்கவில்லை. உங்கள் அக்கா மகனிடம் கதை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

---

ராஜி

நான் விளையாட்டுக்காரி இல்லை. என் மகள் கலிஃபோர்னியாவில் நீச்சல் அணியில் இருந்து இரண்டாமாண்டில் விட்டாள். ஒரு அம்மாவாக ஒன்று கேட்கிறேன். அந்தப் பையன் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா? தோல்வியால் விட நினைக்கிறானா, வேறு எதனாலாவதா? என் மகள் "தோத்துட்டே இருக்கோம்மா" என்றுதான் சொன்னாள். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பிரச்சினை அது இல்லை, அணியில் யாரும் அவளோடு பேசுவதில்லை என்று. அதை அவள் வாயிலிருந்து வாங்க எனக்கு அவ்வளவு நாள் ஆனது. அவள் விட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முதலில் அதைக் கேளுங்கள் தம்பி. கூடைப்பந்துக் கதை அப்புறம் சொல்லலாம்.

---

புள்ளிக்கணக்கு

ராஜி அக்கா சொன்னது மிகச் சரி.

டிவிஷன் 3 என்பதால் கால்டெக்கைப் பற்றி ஒரு குறிப்பு. பாசடீனாவில் இருக்கும் அந்தக் கல்லூரி விளையாட்டுக்காக யாருக்கும் சேர்க்கையில் சலுகை தருவதில்லை. கணிதமும் இயற்பியலும் தெரிந்தவன் உள்ளே வருவான், அவர்களில் யாருக்கு ஆட ஆசையோ அவர்கள்தான் அணி. பள்ளி அணியில் கூட ஆடாதவர்கள் ஜெர்சி போட்டிருக்கிறார்கள். அவர்கள் ஆண்கள் அணி லீக் ஆட்டங்களில் 1985-இலிருந்து தொடர்ந்து 310 தடவை தோற்றது. இருபத்தாறு வருடம். 2011 பிப்ரவரி 22 அன்று, சீசனின் கடைசி ஆட்டத்தில், ஆக்ஸிடென்டல் கல்லூரியை 46-45 என்று ஜெயித்தார்கள். 3.3 நொடி மிச்சமிருக்கும்போது ரயன் எல்ம்க்விஸ்ட் என்ற நான்காமாண்டுப் பையன் போட்ட ஃப்ரீ த்ரோ.

நான் யோசிப்பது அந்த 310-இன் நடுவில் இருந்தவர்களைப் பற்றி. 150-ஆவது தோல்வியில் ஆடியவனுக்கு முன்னாலும் வெற்றி இல்லை, பின்னாலும் இல்லை. நான்கு வருடம் ஆடிவிட்டு ஒரு லீக் வெற்றி கூட இல்லாமல் பட்டம் வாங்கிப் போயிருப்பான். அப்படியும் ஒவ்வொரு வருடமும் அணி அமைக்க ஆள் வந்தார்கள். வெற்றி வரும் என்று நினைத்து வந்திருக்க முடியாது. ஆட்டம் பிடித்திருந்தது, வந்தார்கள்.

---

நெட்டையன்

கால்டெக் விஷயம் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிவிஷன் 1 கதையை இன்றைக்கு அப்படியே சொல்ல முடியாது. 2008-இல் ஒரு பையன் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். அந்த பயத்தில்தான் பலர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 2021-இல் ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்று ஆக்கினார்கள். 2024-இல் அந்த "ஒருமுறை" என்பதும் போய்விட்டது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரைப் பயன்படுத்திப் பணம் வாங்கலாம், இப்போது கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கின்றன. இன்றைக்கு 6-25 என்று முடித்த அணியில் ஏப்ரலில் யார் மிஞ்சுவார்கள்? உங்கள் 12-ஆம் எண் பையன் முதல் வாரத்திலேயே, கல்லூரி மாற விரும்புகிறவர்களுக்கான போர்ட்டலில் பெயர் கொடுத்திருப்பான். அதைத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். கோச் பாதி சீசனில் சம்பளம் அதிகமான இடத்துக்குப் போகலாம் என்றால் பையன் ஏன் போகக் கூடாது?

---

புளூமிங்டன்_பழையவன்

ராஜி அக்கா, நீங்கள் சொன்னபடி முதலில் அதைத்தான் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினோம். அணியில் எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள், அறையில் இருக்கும் பையனும் அதே அணிதான். தூக்கம் குறைவு, ஆனால் சாப்பிடுகிறான். வேறு ஒன்று சொன்னான். ஆட்டத்துக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே "இன்னைக்கு எவ்வளவு வித்தியாசத்துல தோற்போம்" என்று மனசு கணக்குப் போடுகிறதாம். அதுதான் தாங்கவில்லை என்றான். கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நெட்டையன் அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். அன்றும் போனார்கள். மாலிக் ஸ்டோரி நெவாடாவுக்குப் போய் நன்றாக ஆடினான். நிக் வில்லியம்ஸ் மிசிசிப்பிக்குப் போனான். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தனக்கு எது நல்லது என்று பார்த்துப் போனார்கள்.

இப்போது இருந்தவர்கள் கதை. அடுத்த வருடம் 10-21. அதற்கடுத்த வருடம் 12-20. மூன்று வருடம், மொத்தம் 28 வெற்றி, 66 தோல்வி. இதை அப்படியே சொல்லியாக வேண்டும், முதல் வருடம் கஷ்டப்பட்டதும் இரண்டாம் வருடம் மலர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்கக் கூடாது. வெர்டெல் ஜோன்ஸும் பிரிட்சர்டும் ராத்தும் இந்த மூன்று வருடமும் அங்கேதான் இருந்தார்கள். ராத்துக்குக் காலில் அடிபட்டு ஒரு வருடம் போனது. இதற்கிடையில் ஊர்ப் பையன் ஜோர்டன் ஹல்ஸ் வந்தான், கிறிஸ்டியன் வாட்ஃபோர்ட் வந்தான், விக்டர் ஒலாடிபோ வந்தான், கடைசியில் 2011-இல் கோடி ஸெல்லர் வந்தான். வந்த ஒவ்வொருவனையும் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்த அங்கே இப்போது ஆள் இருந்தார்கள்.

2011 டிசம்பர் 10. கெண்டக்கி நாட்டில் நம்பர் 1. நெட்டையன் அண்ணா சொன்ன அதே கெண்டக்கி, அதே ஆண்டனி டேவிஸ். நான் அப்போது டல்லாஸில் வேலையில் இருந்தேன், டிவியில்தான் பார்த்தேன். சில நொடிகள் மிச்சம், இண்டியானா 70-72 என்று பின்னால். பந்து வெர்டெல் ஜோன்ஸ் கைக்கு வந்தது. கோர்ட் முழுக்க ஓடினான், டிஃபன்ஸை உள்ளே இழுத்தான், திரும்பி, பின்னால் வந்துகொண்டிருந்த வாட்ஃபோர்டுக்குப் பாஸ் கொடுத்தான். வாட்ஃபோர்ட் போட்டான். மணி அடித்தது. 73-72. கூட்டம் முழுக்க கோர்ட்டுக்குள் இறங்கிவிட்டது.

அந்த வருடம் கெண்டக்கி தோற்றது இரண்டே ஆட்டம். அதில் ஒன்று இது. எல்லோரும் வாட்ஃபோர்டின் ஷாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்தப் பாஸ்தான். 2008-இல் லிப்ஸ்கம்பிடம் தோற்ற அணியில் இருந்த பையன், மூன்று வருடம் கழித்து, கையில் பந்தும் கொஞ்ச நேரமும் இருக்கும்போது, தானே போடாமல் திரும்பிப் பார்த்துக் கொடுத்தான்.

நியூவர்க் நண்பர் சொன்னதற்காக மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த சீசன் 27-9. ஆனால் மார்ச்சில் பிக் டென் போட்டியில் ஜோன்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. இண்டியானா தேசியப் போட்டியில் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கடைசிப் பதினாறுக்குப் போனது, அங்கே அதே கெண்டக்கியிடம் 102-90 என்று தோற்றது. ஜோன்ஸ் எல்லாவற்றையும் பெஞ்சில் உட்கார்ந்துதான் பார்த்தான். 28-66 என்று போன மூன்று வருடமும் ஆடியவனுக்கு, நல்ல காலம் வந்தபோது ஆட முடியவில்லை. அடுத்த வருடம் இண்டியானா சீசன் தொடக்கத்திலேயே நம்பர் 1, பிக் டென் பட்டமும் வென்றது. அப்போது அந்த மூவரும் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள்.

---

கோர்ட்_ஓரம்

இதை முழுசாக அவனிடம் சொல்லுங்கள். முழங்கால் உட்பட. பாதிக் கதை சொன்னால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பஸ்ஸில் இறங்கும்போதே கணக்குப் போடுகிற மனசுக்கு ஒரு மருந்து. வேறு கணக்கு கொடுங்கள். ஸ்கோர்போர்டு பார்க்காதே என்று சொன்னால் கேட்க மாட்டான், நானும் கேட்க மாட்டேன். இன்றைக்கு என் டர்னோவர் எத்தனை, எத்தனை தடவை ஹெல்ப்புக்கு, அதாவது கூட்டாளியைத் தாண்டி வந்தவனை மறிக்க, நேரத்துக்குப் போனேன் என்று இரண்டே இரண்டு எண். பேப்பரில் எழுதச் சொல்லுங்கள், போனில் வேண்டாம்.

---

நெட்டையன்

அந்தப் பாஸை இப்போது மறுபடி போட்டுப் பார்த்தேன். இத்தனை வருடம் வாட்ஃபோர்டை மட்டுமே பார்த்திருக்கிறேன். ஜோன்ஸ் உள்ளே போகும்போது இரண்டு பேர் அவன்மேல் வருகிறார்கள், அது சுலபமான முடிவு இல்லை. என் கருத்தை முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை. பையன் விட்டாலும் அவனைக் குறை சொல்லாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

---

புளூமிங்டன்_பழையவன்

சொல்ல மாட்டேன் அண்ணா. அதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், அக்காவிடமும் பேசிவிட்டேன்.

கதையை முழுங்காமல் சொன்னேன். வீடியோ அனுப்பினேன். நவம்பர் கேள்வியையும் கேட்டேன் டீச்சர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நவம்பர்ல எதிரணி கோர்ட் முழுக்க நெருக்கி பிரஸ் போட்டா பந்தையே கொண்டுபோக முடியாது மாமா. இப்போ கொண்டுபோயிடறோம், ஆனா கடைசி அஞ்சு நிமிஷத்துல ரீபவுண்ட் விட்டுடறோம்" என்றான். சொல்லிவிட்டு அவனே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

சீசன் முடியும் வரை இருக்கிறேன், ஏப்ரலில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. சனிக்கிழமை அவர்கள் ஆட்டத்துக்கு நான் நேரில் போகிறேன், நான்கு மணி நேர டிரைவ்.

---

புள்ளிக்கணக்கு

போய்விட்டு வந்து எண் சொல்லுங்கள் அண்ணா.

---

புளூமிங்டன்_பழையவன்

61-68, தோல்வி. டர்னோவர் 14. அவனுடையது 2. ஹெல்ப்புக்கு நேரத்தில் போனது ஒன்பது தடவை, பேப்பரில் எழுதிக் காட்டினான், ஒன்று நான் பார்த்தபோது தாமதமாகப் போனது, அதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் நான்கு ரீபவுண்ட் விட்டார்கள். ஆட்டம் முடிந்து பஸ் கிளம்பும் வரை பார்க்கிங்கில் நின்று அக்கா கொடுத்தனுப்பிய புளிசாதம் சாப்பிட்டோம், அறை நண்பனுக்கும் சேர்த்து. அடுத்த ஆட்டம் புதன்கிழமை, வெளியூர்.